சொட்டு எண்ணிய இரவுகள்

ஒரு லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். குழாயில் ஒரு மில்லிக்கு 15 சொட்டு விழும் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 31. 1977இல் பெங்களூரில் நர்சிங் படிக்கச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் கணக்குகளில் இது ஒன்று. கண்ணாடிப் புட்டி தலைகீழாகத் தொங்கும். கீழே ரப்பர் குழாய், அதில் ஒரு கிளிப். ஒரு கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ண வேண்டும். கூடினால் கிளிப்பை இறுக்கு, குறைந்தால் தளர்த்து. நோயாளி தூக்கத்தில் கையை மடக்கிவிட்டால் கணக்கு குலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். 40 கட்டில் உள்ள வார்டில் பத்துப் பேருக்கு டிரிப்ஸ் ஓடினால், ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டே நடப்போம்.

இன்று அந்த வேலையைக் கட்டிலோரக் கம்பியில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டி செய்கிறது. இன்ஃப்யூஷன் பம்ப் என்று பெயர். மணிக்கு 125 மில்லி என்று பதிந்துவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். குழாயில் காற்றுக் குமிழி வந்தாலும், மருந்து தீர்ந்தாலும், கை மடங்கி அடைத்துக்கொண்டாலும் சத்தம் போடும்.

படித்த காலத்தையும் சேர்த்து நாற்பது ஆண்டு நர்ஸாக இருந்து 2017இல் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகும் பழக்கமான இளம் நர்ஸ்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் கேட்பதும் என் உறவுக்காரர்கள் கேட்பதும் ஒன்றுதான்: "அந்தக் காலத்துல நர்ஸுங்க எவ்வளவு அன்பா இருந்தாங்க, இப்ப ஏன் இப்படி?" இந்தக் கேள்விக்கு நான் கண்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாரிக்குப்பம் ரயில்

நான் கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர். கல் தூள் நுரையீரலில் படிந்து வருகிற சிலிக்கோசிஸ் எங்கள் லைன் வீடுகளில் பலருக்கும் இருந்தது. அப்பாவுக்கு மூச்சு முட்டும்போது சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சுரங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். ஒருமுறை அங்கே ஒரு சிஸ்டர், படுக்க வைத்திருந்த அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தார். முன்னால் ஒரு சிறு மேசையை இழுத்துப் போட்டு, அதன் மேல் தலையணை வைத்து, இரண்டு கையையும் அதில் ஊன்றிக் குனியச் சொன்னார். மருந்து வருவதற்கு முன்னாலேயே அப்பாவின் மூச்சு கொஞ்சம் இறங்கியது. மூச்சு முட்டுகிறவரை மல்லாக்கப் படுக்க வைக்கக்கூடாது, முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் நெஞ்சு விரிய இடம் கிடைக்கும் என்று அவர் எனக்கும் விளக்கினார். அப்போது எனக்கு வயது பதினைந்து. ஒரு மேசையும் ஒரு தலையணையும் மருந்தாக முடியும் என்பதை அன்று பார்த்தேன்.

நர்சிங் படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா அழுதார். "கண்ட ஆம்பளைங்களைத் தொடுற வேலை. யார் உன்னைக் கட்டுவாங்க?" லைனில் எல்லாரும் அதையே சொன்னார்கள். அப்பா மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாரிக்குப்பத்தில் என்னை ரயிலேற்றினார்.

நான் வந்து இறங்கிய பெங்களூருக்கு ஏற்கனவே ஒரு நீண்ட ஆஸ்பத்திரி வரலாறு இருந்தது. தண்டு எனப்பட்ட கன்டோன்மென்ட் பகுதி மக்களுக்கு 1868இலிருந்து பௌரிங் ஆஸ்பத்திரி இருந்தது. குட் ஷெப்பர்டு கன்னியர்கள் 1886இல் செயின்ட் மார்த்தாஸைத் தொடங்கியிருந்தார்கள். 1898இல் பிளேக் நகரத்தைப் புரட்டிப்போட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அடிக்கல் நாட்டிய விக்டோரியா ஆஸ்பத்திரி 1900 டிசம்பரில் 140 கட்டிலோடு திறந்தது. பக்கத்திலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 1935இல் வாணி விலாஸ் வந்தது. நான் வருவதற்கு மூன்று ஆண்டுக்கு முன் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் உருவாகியிருந்தது. ஆனால் கட்டிடம் வளர்ந்த வேகத்தில் நர்ஸ்கள் வளரவில்லை. 1946இல் வந்த போர் (Bhore) குழு அறிக்கையின்படி அன்றைய இந்தியாவில் சுமார் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். அந்தப் பற்றாக்குறையில்தான் இந்தத் தொழில் நம் நாட்டில் நடக்கப் பழகியது. நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த எண் கிடக்கிறது.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை இந்த ஊர் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. ஒரே வார்டில் சிவாஜிநகரிலிருந்து உருது பேசுகிறவர், அல்சூரிலிருந்து தமிழர், சிந்தாமணியிலிருந்து தெலுங்கு பேசும் விவசாயி, மண்டியாவிலிருந்து கன்னடப் பாட்டி. 'எங்கே வலிக்குது' என்பதை நாலு மொழியில் மனப்பாடம் செய்தோம். எல்லி நோவு, நொப்பி எக்கட, தர்த் கஹாங். கேள்வி தெரிந்தால் போதாது, பதிலும் புரிய வேண்டும். கன்னடத்தில் 'உரி' என்றால் எரிச்சல், 'நோவு' என்றால் வலி. நெஞ்சைத் தொட்டுக்கொண்டு ஒருவர் எதைச் சொல்கிறார் என்பது டாக்டரை எவ்வளவு அவசரமாக எழுப்புகிறோம் என்பதை மாற்றிவிடும்.

98.4

படிப்பு மூன்றரை ஆண்டு. அதில் பாதிக்கு மேல் வார்டில்தான் கழிந்தது. ராத்திரியில் 40 கட்டிலுக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ், இரண்டு மாணவிகள். விடியற்காலை நாலு மணிக்கு எல்லாருக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு பார்க்க வேண்டும். பாதரசத் தெர்மாமீட்டர் நாலே நாலு. ஒவ்வொன்றையும் மூன்று நிமிடம் வாயில் வைத்து, எடுத்து, கழுவி, உதறி, அடுத்தவருக்கு.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், மூலைக் கட்டிலில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து மூன்று நாளான ஒருவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை, எனக்கும் கால் கடுத்தது. நேற்று 98.4, முந்தாநாள் 98.4. நானும் சார்ட்டில் 98.4 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

ஏழு மணிக்கு வார்டு சிஸ்டர் வந்தார். கட்டில் கட்டிலாக நடக்கும்போது புறங்கையை நோயாளிகளின் நெற்றியில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். மூலைக் கட்டிலில் நின்றார். சார்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தெர்மாமீட்டரை எடுத்து வைத்தார். 102.6. தையலுக்கு உள்ளே சீழ் பிடித்திருந்தது. என் எண்ணை நம்பியிருந்தால் அன்று காலை அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

டூட்டி ரூமில் கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "எடுக்கலைன்னா 'எடுக்கலை'ன்னு எழுது. நான் நாலு திட்டு திட்டுவேன், அதோட போகும். பொய்யா எழுதினா அவர் போயிடுவார்." மேட்ரனிடம் போய் நானே சொல்ல வேண்டும் என்றார். சொன்னேன். ஒரு மாதம் விடுமுறை நாள் கிடையாது. அந்த மனிதர் இன்னும் பன்னிரண்டு நாள் இருந்து குணமாகிப் போனார். போகிற அன்று எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை.

நாற்பது ஆண்டில் நான் கற்றவற்றில் முதலிடம் இதற்குத்தான். பரிவு இல்லாத நர்ஸை மற்றவர்கள் ஈடுகட்டிவிடலாம். பொய்யாக எழுதும் நர்ஸை ஈடுகட்ட யாராலும் முடியாது, ஏனென்றால் தவறு நடந்ததே வெளியில் தெரியாது.

1981

படிப்பை முடித்துத் தலையில் கேப்போடு ஸ்டாஃப் நர்ஸாக நின்ற சில வாரங்களில், 1981 பிப்ரவரி 7ஆம் தேதி, பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தது. 92 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். தீயில் போனவர்களும் உண்டு, நெரிசலில் மிதிபட்டுப் போனவர்களும் உண்டு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் காயம்பட்டவர்கள் வந்தார்கள்.

தீக்காயத்தில் உடம்பிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டாவிட்டால் சில மணி நேரத்தில் ரத்த ஓட்டம் தளர்ந்துவிடும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு உடம்பில் 30 சதவீதம் வெந்திருந்தால், ஒரு கிலோவுக்கு, வெந்த ஒவ்வொரு சதவீதத்துக்கும் நாலு மில்லி என்ற கணக்கில், நாலை இருபதாலும் முப்பதாலும் பெருக்க வேண்டும். 2,400 மில்லி. இதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். நிமிடத்துக்கு 37, 38 சொட்டு. அந்த எட்டு மணி நேரம் குழந்தை வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த குழந்தைக்கு ஆறு மணி நேரத்தில் அதே அளவு போக வேண்டும், நிமிடத்துக்கு 50 சொட்டு. அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு ஒவ்வொரு சொட்டையும் கண்ணால் எண்ணினோம். வெந்த தோலில் துணி படாமல் இருக்கக் கட்டிலின் மேல் கம்பிக் கூண்டு வைத்து அதன் மேல் போர்வை போட்டோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அழ நேரமில்லாத இரவுகள் அவை. எண்ணிக்கொண்டிருந்ததால்தான் நின்றுகொண்டிருந்தோம்.

அதே ஆண்டு ஜூலையில் கள்ளச்சாராயம் குடித்து 300க்கும் மேற்பட்டவர்கள் இந்த ஊரில் இறந்தார்கள். மெத்தனால் கண் நரம்பை அழிக்கும். பிழைத்தவர்களில் சிலர் விடிந்துவிட்டதா என்று நண்பகலில் கேட்டார்கள். பார்வை இல்லாதவரைத் தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும் என்பதை அவர்களிடம் கற்றேன். பிறகு பார்வை உள்ளவர்களிடமும் அப்படியே செய்தேன். எல்லாருக்கும் அது தேவையாகத்தான் இருந்தது.

எது நல்ல காலம்?

இதையெல்லாம் கேட்டால் அது பொற்காலம் என்று தோன்றும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்க வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தினோம். ஊசி முனை மழுங்கினால் கல்லில் தீட்டினோம். அந்த ஊசி குழந்தையின் தொடையில் இறங்கும்போது எப்படி வலித்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ரப்பர் கையுறையைக் கழுவி, காற்றூதி ஓட்டை பார்த்து, ஒட்டுப் போட்டு, பவுடர் தூவி மறுபடி மாட்டினோம். மஞ்சள் காமாலை எத்தனை பேருக்கு எங்கள் கையாலேயே பரவியதோ. நோயாளிக்கு என்ன நோய் என்று அவரிடமே சொல்லாத காலம் அது. டாக்டரிடம் கேள்வி கேட்கும் நர்ஸ் அடங்காதவள்.

1986இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த பத்து ஆண்டில் எங்கள் வார்டுகளுக்கும் வந்தது. மூலைக் கட்டில், தனித் தட்டு, காலால் தள்ளிவிடப்பட்ட சாப்பாடு. எங்களில் சிலரும் அப்படிச் செய்தோம். ஆனால் அந்தப் பயம்தான் ஒருமுறை பயன்படுத்தும் சிரிஞ்சையும் எல்லாருக்கும் கையுறையையும் வேகமாகக் கொண்டுவந்தது. 1998இல் மருத்துவக் கழிவு விதிகள் வந்தன. இன்று ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் தொட்டியில், குழாய் சிவப்பில், ஊசி துளைபடாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். மருந்து கொடுக்கும் முன் மணிக்கட்டுப் பட்டையைச் சரிபார்க்கிறார்கள். கஞ்சி போட்ட கேப் போய்விட்டது, அது போனது நல்லதே. குனியும்போதெல்லாம் எதிலாவது மாட்டும், தினம் துவைக்கவும் முடியாது. ஆண் நர்ஸ்கள் நிறைய வந்துவிட்டார்கள். நோயாளியின் மகள் இணையத்தில் படித்துவிட்டு வந்து மருந்தின் பெயரைக் கேட்கிறாள். கேட்கட்டும். 98.4 எழுதிய என்னைப் போன்றவளை அந்தக் கேள்வி தடுத்திருக்கும்.

நோயாளியின் பாதுகாப்பை வைத்துப் பார்த்தால் இன்றுதான் நல்ல காலம். எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் 1978ஆம் ஆண்டு வார்டில் படுக்க மாட்டேன்.

அன்பும் ஆள் கணக்கும்

அப்படியானால் மக்கள் எதை இழந்ததாகச் சொல்கிறார்கள்? கட்டிலருகே ஒருவர் நின்ற நேரத்தை. அது உண்மைதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து, ஸ்பிரிட் தடவி, பவுடர் போடுவோம். படுக்கைப் புண் வந்தால் அது வார்டுக்கே அவமானம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நோயாளி பேசுவார். வீட்டில் மாடு கன்று போட்டது முதல், ரெண்டு நாளாக மலத்தில் ரத்தம் போவது வரை.

ஆனால் அந்த நேரம் எங்கிருந்து வந்தது? கட்டிலருகே நின்றவர்களில் பெரும்பகுதி நாங்கள், மாணவிகள். சிறு உதவித்தொகைக்கு முழு ஆள் வேலை பார்த்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். எங்கள் தூக்கத்தையும் படிப்பையும் எடுத்துத்தான் அந்த வார்டுகள் அன்பாக இருந்தன. அதற்குச் 'சேவை மனப்பான்மை' என்று பெயர் வைத்தார்கள். நானும் பல ஆண்டு அதை நம்பினேன்.

1996இல் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் பெங்களூரில் தொடங்கியது. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டில் இந்த ஊரில் நர்சிங் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. கேரளத்திலிருந்து, பிறகு மணிப்பூர், மிசோரம், அசாம், ஜார்கண்டிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் வந்தன. படித்தவர்கள் பெருகினார்கள், கட்டிலருகே ஆள் பெருகவில்லை. படிப்புக் கடனை அடைக்க வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு, 200 கட்டிலுக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகள் அரசு நர்ஸுக்கு நிகரான சம்பளம் தர வேண்டும், 50 கட்டிலுக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அப்படியொரு பரிந்துரை தேவைப்பட்டதே நிலைமை எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறது. 1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய ஆணையச் சட்டமும் வந்திருக்கிறது.

நீண்ட காலமாக ஒரு விதி இருக்கிறது. பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், பயிற்சி ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர். பம்ப் சொட்டு எண்ணும், மானிட்டர் நாடி எண்ணும். மிச்சமான அந்த நேரம் நோயாளியிடம் போயிருக்க வேண்டும். அது கூடுதல் கட்டிலுக்கும் கம்ப்யூட்டரில் நிரப்பும் படிவங்களுக்கும் போய்விட்டது. அன்பு குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் இப்போது நான் சொல்லும் பதில் இதுதான்: அந்த நர்ஸுக்கு இன்று எத்தனை கட்டில் என்று கேளுங்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, கோபமில்லாமல், நிர்வாகத்திடம் கேளுங்கள். அறையில் ஏ.சி. உண்டா என்று கேட்கும் நாம் இதை ஒருபோதும் கேட்டதில்லை.

செய்யவில்லை

சென்ற ஆண்டு அண்ணனுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. ராத்திரித் துணைக்கு நான் இருந்தேன். டூட்டியில் இருந்தது அசாமிலிருந்து வந்த ஒரு பெண், இருபத்து நாலு வயதிருக்கும். கன்னடமும் இந்தியும் கலந்து பேசினாள். அன்று அவளுக்கு ஒன்பது கட்டில்.

இரண்டு மணிக்கு வந்து, இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்து, என் உதவியோடு அண்ணனைத் திருப்பிவிட்டாள். நன்றாகச் செய்தாள். நாலு மணிக்கு மறுபடி வர வேண்டும், வரவில்லை. கோடி அறையில் ஒருவருக்கு மூச்சு நின்றுபோய், எல்லாரும் அங்கே ஓடினார்கள். என்னால் தனியாக அண்ணனைத் திருப்ப முடியவில்லை. ஐந்தே காலுக்கு வந்தாள், முகம் வெளிறி. மன்னிப்புக் கேட்டாள். திருப்பினோம். முதுகில் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள், விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த டேப்லெட்டில் பதிந்தாள்.

பழைய பழக்கம், எட்டிப் பார்த்தேன். நாலு மணிக் கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும், யாருக்கும் தெரியாது. அவள் 'செய்யவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, காரணம் என்ற இடத்தில் வேறு நோயாளிக்கு அவசரம், ஆள் இல்லை என்று எழுதினாள். ஐந்தே காலுக்குச் செய்ததைத் தனியாகப் பதிந்தாள்.

நானும் நர்ஸ்தான் என்று சொன்னேன். காலையில் இன்சார்ஜ் கேட்பார்களே, பயமில்லையா என்றேன். கேட்பார்கள்தான், திட்டும் விழும் என்றாள். ஆனால் டிக் போட்டால் ஒன்பது கட்டிலை ஒருத்தியால் பார்க்க முடியும் என்று கணக்கு ஆகிவிடும், நாளைக்குப் பத்தாவது கட்டிலையும் தருவார்கள், அப்போது நிஜமாகவே யாரோ ஒருவர் போய்விடுவார் என்றாள்.

1978இல் என் வார்டு சிஸ்டர் சொன்ன வாக்கியத்தை, அவரைப் பார்த்தேயிராத ஒரு பெண்ணிடம், வேறொரு மொழியில் கேட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த அறையில் பம்ப் கத்தத் தொடங்கியது. அவள் போனாள். அண்ணனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடில்லை.